டிராக்டரின் இருமல்

வீட்டுக்குப் பின்னால் இருந்த காய்கறித் தோட்டத்துக்குள் பெரிய டிராக்டர் நுழையாது. அதனால் சவரிமுத்து ஒரு குட்டிப் பழைய டிராக்டரை வைத்துத்தான் உழுவார். தோட்டத்து மூலையிலேயே நிற்கும் அது லேசில் கிளம்பாது. முன்பக்கத்தில் கம்பியைச் செருகி அவர் சுற்றுவார். அது இருமும், புகை கக்கும், அணைந்துபோகும். அவர் திட்டிக்கொண்டே மறுபடி சுற்றுவார். டிராக்டர் வெட்கத்தில் குறுகிப்போகும்.

ஒருநாள் உழவு முடிந்து நின்றபோது, வேலியோரத்திலிருந்து ஒரு மூஞ்சூறு வந்தது.

“ரொம்ப நன்றி அண்ணே.”

“எதுக்கு?” என்றது டிராக்டர்.

“நீங்க இருமினதுக்கு. முதல் இருமலுக்கே பிள்ளைங்களை எழுப்பிட்டேன். ஒண்ணோட வாலை ஒண்ணு கவ்விக்கிட்டு வேலிக்கு வந்து சேர நீங்க கிளம்புற வரைக்கும் ஆச்சு. நீங்க சட்டுனு கிளம்பியிருந்தா எங்க வளை மேலதான் கலப்பை இறங்கியிருக்கும்.”

இருமியதற்கு யாரும் இதுவரை டிராக்டருக்கு நன்றி சொன்னதில்லை.

அடுத்த உழவுக்கு முன் சவரிமுத்து மெக்கானிக்கைக் கூட்டிவந்து எல்லாவற்றையும் சரிபார்த்தார். இப்போது ஒரே சுற்றுதான். இன்ஜின் பூப்போலக் கிளம்பியது. அவர் முகமெல்லாம் சிரிப்பாக ஏறி உட்கார்ந்தார்.

கலப்பை மண்ணைத் தொடும் முன், டிராக்டர் பலமாக இருமியது. புகை கக்கியது. அணைந்தது.

“இவ்வளவு பார்த்தும் திருந்தலையே!” என்று தலையில் அடித்துக்கொண்டார் சவரிமுத்து.

டிராக்டர் திட்டை வாங்கிக்கொண்டு நின்றது. கடைசி வால் வேலிக்குள் மறையும்வரை அது கிளம்பவில்லை.