பாதிக் கண்மாய் மிச்சம்

உக்கிரபாண்டியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது என் கடை வாசலில். முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் இரண்டையும் மேசைமேல் தொப்பென்று வைத்துவிட்டு, சண்டைக்குத் தயாராக நின்றார்.

"அடி தேஞ்சு போச்சு. புதுசு போடுங்க."

"அண்ணாச்சி, போன பங்குனியிலதான போட்டேன்?"

"போட்டீக. அதான் தேஞ்சு போச்சுங்கேன்."

சாத்தூரில் முப்பது வருடமாகச் செருப்புக் கடை வைத்திருக்கிறேன். மீன் பிடிக்கவென்று பூட்ஸ் வைத்திருந்த ஆள் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

"டயர் அடி போட்டுத் தாரேன். அஞ்சு வருசம் அசையாது."

"வேண்டாம்."

"கட்டை ரப்பர்? பள்ளம் பள்ளமா வெட்டி விட்டா சேத்துல வழுக்காது."

"வழுக்குனா நான் விழுந்துக்கிறேன். மெத்து ரப்பரே போடுங்க."

மெத்து ரப்பர் என்பது சர்க்கரைக்காரர்கள் செருப்புக்குப் போடுவது. விரலால் அழுத்தினால் அமுங்கும். வீட்டுக்குள் நடக்க லாயக்கு. கண்மாய்க்குள் ஒரு வருடம் தாங்கினாலே அதிசயம்.

"சுகர் இருக்கா அண்ணாச்சி?" என்று ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டேன்.

"இல்ல, கொழுப்புத்தான் இருக்கு. போடுங்க."

"ஞாயித்துக்கிழமை மீன்பிடிக்கு வேணுமா?"

"என்னையத்தான் இறங்கக் கூடாதுன்னுட்டாகளே! மெதுவாப் போடுங்க. அடுத்த வருசமும் கண்மாய் வத்தும்ல?"

படியிறங்கியவர் திரும்பி நின்றார். "பாதிக் கண்மாய் மிச்சம் கெடக்கு" என்றார், ரொம்ப வருத்தமாக.

என்ன ஆசை இந்த மனுசனுக்கு என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தத் தடைக்கு நானும் ஒரு காரணம்.

அவர் ஊரில் கோடையில் கண்மாய் வற்றியதும் ஒரு ஞாயிறு குறிப்பார்கள். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீச வேண்டும். அதுவரை யாரும் கண்மாய்க்குள் கால் வைக்கக் கூடாது. வீசியதும் விவசாயம் பார்க்கிற சம்சாரிகள், பட்டாசுக் கம்பெனி ஆட்கள், பெண்கள், பிள்ளைகள் எல்லாரும் வெறுங்காலோடு கூடையும் வலையுமாகப் பாய்வார்கள். உக்கிரபாண்டி மட்டும் பூட்ஸ் காலோடு நடுவில் நின்று, விரால் மாட்டினால் ஊரே கேட்கச் சத்தம் போடுவார். வருடத்தில் அவர் சிரிக்கிற நாள் அது.

அந்த வருடம் மீன்பிடி ஞாயிறுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, அந்த ஊர் முனியராஜ் கடைக்கு வந்தான். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவன்.

"அண்ணாச்சி, அந்தாளு விடியக்காலையில பூட்ஸை மாட்டிக்கிட்டுக் கண்மாய்க்குள்ள நடக்காரு. தினமும்!"

"கையில வலை இருக்கா?"

"வலை இல்ல. இடுப்புல ஒரு சாக்குப்பை. வரும்போது கனமாத்தான் வருது."

அங்கேயே நான் வாயை மூடியிருக்கலாம். தொழில் தெரிந்தவன் என்ற கர்வம் விடவில்லை.

"அதுக்குத்தான் வருசா வருசம் மெத்து அடி கேக்காரா! கட்டை அடின்னா சேத்துல சளக் சளக்குன்னு சத்தம் வரும், மீன் ஓடிரும். மெத்து அடி சத்தமே காட்டாதுலே."

முனியராஜ் அதை அப்படியே ஊர்க் கூட்டத்தில் சொல்லிவிட்டான். சாத்தூர்க் கடைக்காரரே சொன்னார் என்றும் சேர்த்துச் சொன்னானாம். "திருடன்னு முடிவு பண்ணிட்டுக் கேக்குறவன்ட்ட என்னத்தச் சொல்ல?" என்று உக்கிரபாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டாராம். அந்த வருடம் அவர் கண்மாய்க்குள் கால் வைக்கவே கூடாது என்று ஊர் தடை போட்டது.

மீன்பிடி முடிந்து நாலாம் நாள் முனியராஜ் நொண்டிக்கொண்டு வந்தான்.

"என்னலே காலு?"

"கருவை முள்ளு, அண்ணாச்சி. எனக்கு மட்டுமில்ல, பதினோரு பேருக்கு. பாட்டில் சில்லு வேற. எங்க பொன்மணிச் சின்னம்மைக்கு மூணு தையல். கம்பெனியில வெறுங்காலோட உக்காந்து செய்யுற வேலை, கட்டுப் போட்டுக்கிட்டு எங்கிட்டுப் போக?"

"வருசா வருசம் இப்படித்தானா?"

"இல்லையே! இந்த வருசந்தான். அதுலயும் வடக்க இறங்குனவுகளுக்குத்தான். தெக்க இறங்குனவுகளுக்கு ஒரு கீறல் இல்ல."

"உக்கிரபாண்டி அண்ணாச்சி கேட்டாச் சிரிப்பாரு."

"அவரு எங்க சிரிக்க? நேத்து ராத்திரி தூக்கத்துலயே போய்ட்டாரு."

மேசைக்கு அடியில் அவருடைய பூட்ஸ் கிடந்தது. எப்போதும் பழைய அடியை அவரே பிய்த்து எறிந்துவிட்டுத்தான் கொண்டுவருவார். இந்தத் தடவை என்ன அவசரமோ, களிமண் அப்பியபடி அப்படியே கொண்டுவந்திருந்தார்.

எடுத்து மண்ணைச் சுரண்டினேன்.

அடி முழுக்க முள். ஒடிந்ததும் ஒடியாததுமாக, முள்ளம்பன்றி மாதிரி. இடையிடையே பச்சைக் கண்ணாடி மின்னியது. குதிகால் பக்கம் துருப்பிடித்த தூண்டில் முள் ஒன்று.

முனியராஜ் தன் கால் கட்டையும் அந்த அடியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"டயர் அடியில முள்ளு ஏறாதுலே" என்றேன். "சேத்துக்குள்ள அமுங்கிரும். மெத்து அடிதான் கவ்விக்கிட்டு வெளிய வரும்."

செருப்புத் தைக்கிறவனுக்கு அது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும்.

"அப்ப அந்தச் சாக்குப்பை?"

சுரண்டிய மண்ணோடு விழுந்த முள்ளையும் சில்லையும் கூட்டி அள்ளி அவன் முன்னால் வைத்தேன்.

பூட்ஸ் இப்போதும் என் கடையில்தான் இருக்கிறது. பங்குனி பிறந்ததும் முனியராஜ் வந்து வாங்கிக்கொண்டு போவான். அவன் காலுக்கு இரண்டு அளவு பெரிசு, நுனியில் பழைய துணி திணித்துக்கொள்கிறான்.

வருடம் ஒரு மெத்து அடி தேய்கிறது.