எந்த வார்த்தை, சார்?

"எந்த வார்த்தைன்னு நீங்க சொன்னாத்தானே சார், அது தப்பா சரியான்னு நான் சொல்ல முடியும்?"

துணைவேந்தர் தண்ணீர் எடுத்துக் குடித்தார். பக்கத்தில் இருந்த அமைச்சக அதிகாரி, ஜன்னலுக்கு வெளியே ஏதோ அதிசயம் நடப்பதுபோல அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேசை நடுவில் ஒலிப்பதிவுக் கருவி. சிவப்பு விளக்கு எரிந்தது. விசாரணை முழுவதும் பதிவாகி நேராகத் தலைநகருக்குப் போய்விடும்.

மத்திய அரசின் புதுச் சட்டம் வந்து ஓர் ஆண்டு ஆகிறது. பல்கலைக்கழகத்துக்குள் எந்தப் பதவியில் இருப்பவரும், எந்தக் காரணத்துக்காகவும், அந்த வார்த்தையை உச்சரிக்கக் கூடாது. 'தற்காலிக உணவு இடைவெளி' என்றுதான் சொல்ல வேண்டும்.

நான் வரலாறு நடத்துகிறவள். ஊர் ஊராகச் செத்து, புதைக்க ஆளில்லாமல் கிடந்த ஜனங்களைப் பற்றிப் பாடம் எடுக்கிறேன். அவர்கள் இடைவெளியில் செத்தார்களாம். என்னவோ டீ குடிக்க எழுந்து போனவர்கள் மாதிரி! எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பழைய சட்டம் ஒன்றும் இருக்கிறது. நிரந்தர ஆசிரியரை வேலையிலிருந்து தூக்க வேண்டுமென்றால், குற்றச்சாட்டை அவர் முகத்துக்கு நேராக, வாயால், ஒரு சொல் மாறாமல் சொல்ல வேண்டும். எழுதிக் காட்டினால் செல்லாது.

ஒப்பந்த ஆசிரியர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவர்கள் கைபேசிக்கு ஒரு வரி வரும். மறுநாள் அடையாள அட்டையைக் காட்டினால் வாசல் கதவு திறக்காது.

புதுச் சட்டம் எழுதிய மகானுபாவர்கள் பழையதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை போலிருக்கிறது. என்மேல் குற்றம் சாட்ட வேண்டுமானால் அந்த வார்த்தையைச் சொல்லியாக வேண்டும். சொன்னால், சொன்னவரும் குற்றவாளி.

ஆதாரம் என்று அவர்களிடம் இருந்தது ஓர் ஒலிப்பதிவு. வகுப்பில் யாரோ கைபேசியில் எடுத்து அனுப்பிவைத்த புண்ணியம். கரகரப்புக்கு நடுவே ஒரு பெண்குரல் அந்த வார்த்தையைச் சொல்கிறதாம். கால அட்டவணையில் என் பெயர் இருக்கிறது. அதனால் நான்.

அதை அங்கே ஒலிக்கவிடவும் அவர்களுக்குத் துணிச்சல் வரவில்லை. கருவிதான் கேட்டுக்கொண்டிருக்கிறதே.

"என் வகுப்பு, என் பாடம்" என்றேன். "அங்க பேசின ஒவ்வொரு வார்த்தைக்கும் நான்தான் பொறுப்பு. எதையும் மறுக்கல. அதுல எந்த வார்த்தைக்காக என்னை வீட்டுக்கு அனுப்புறீங்க? அதை மட்டும் சொல்லுங்க."

அதிகாரி கனைத்துக்கொண்டார். "அதான் மேடம்... அந்த 'ப'வில ஆரம்பிக்கிற..."

"பசியா?"

"இல்ல."

"பட்டினியா?"

"இல்ல மேடம்..."

"பல்கலைக்கழகமா?"

துணைவேந்தரின் முகம் சிவந்தது. அவர் மொழித்துறையிலிருந்து வந்தவர். சொலவடை கலக்காமல் 'உட்காருங்க' என்றுகூட அவருக்குச் சொல்ல வராது. பாவம், அன்று காலையிலிருந்து ஒவ்வொரு சொல்லையும் கல் பொறுக்குவதுபோலப் பொறுக்கிப் பொறுக்கிப் பேசிக்கொண்டிருந்தார். கோபம் வந்தால் மனுஷனுக்கு நாக்கு நிற்காது என்பது வளாகத்துக்கே தெரியும். நான் அதற்காகத்தான் காத்திருந்தேன்.

"முப்பது வருஷம் பிள்ளைங்களுக்கு வார்த்தை சொல்லிக்கொடுத்தவர் நீங்க. இப்ப வாய்க்குப் பூட்டா போட்டிருக்காங்க?" என்றேன்.

அவ்வளவுதான். மேசையில் ஓங்கி அடித்தார்.

"போதும் மேடம்! ஒண்ணு கேட்டா ஒம்பது எதிர்க்கேள்வி! உங்ககிட்ட எதுக்குப் பஞ்சம் வந்தாலும் பேச்சுக்கு மட்டும் பஞ்சமே வராது!"



அவருக்கு உடனே உறைக்கவில்லை. அதிகாரியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் கை தானாகப் போய் வாயைப் பொத்தியது.

பஞ்சம். அந்தக் கட்டடத்தில் ஓர் ஆண்டாக யாரும் வாய்விட்டுச் சொல்லாத வார்த்தை. துணைவேந்தரே சொன்னார், அதுவும் கணீரென்று இரண்டு தடவை.

"சார், நீங்களே போய்ப் பஞ்சம்னு..." என்று பதறிய அதிகாரி, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கவில்லை. அதுவும் பதிவாகட்டும்.

விசாரணை தேதி குறிப்பிடாமல் தள்ளிவைக்கப்பட்டது. இனி என்னை விசாரிக்க வேண்டுமானால் முதலில் அவர்களை விசாரிக்க வேண்டும். வேறொரு குழு வரும். வரட்டுமே. அவர்களும் இந்த மொழியில்தானே பேசியாக வேண்டும்.

வெளியே தாழ்வாரத்தில் சிட்டு நின்றிருந்தாள். எங்கள் துறையின் ஒப்பந்த ஆசிரியை. ஆள் சின்னதாக இருப்பதால் நாங்கள் வைத்த பெயர். வேலைக்குச் சேர்ந்து ஒரு பருவம்கூட முடியவில்லை. அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"அக்கா, நான் உள்ள போய் உண்மையைச் சொல்லிடுறேன்க்கா."

"வாயைத் திறந்தே, கொன்னுடுவேன்" என்றேன். "போய் முகத்தைக் கழுவு. அடுத்த வகுப்புக்கு நேரமாச்சு."

அந்த ஒலிப்பதிவு எடுக்கப்பட்ட நேரத்தில் நான் பல் டாக்டரின் நாற்காலியில் மல்லாந்து கிடந்தேன். ஊசி போட்டுத் தாடை மரத்துப்போய், 'அம்மா' என்றுகூடச் சொல்ல வரவில்லை.

எனக்குப் பதிலாகப் போய், ஒரு வார்த்தைகூட மாற்றாமல் அந்தப் பாடத்தை நடத்தியவள் சிட்டு.