பத்து நிமிசக் கடல்

"தம்பி, இவளை இன்னைக்கே கணக்கை முடிச்சு அனுப்பிருங்க. ஒரு நாளைக்கு மூணு தடவை தியானம்! இவ கடைக்கு வேலைக்கு வந்தாளா, சாமியாராப் போக வந்தாளா?"

ஜவுளிக்கடை சூப்பர்வைசர் சங்கரசுப்பு மூச்சு வாங்கக் கத்தினார். ஆடித் தள்ளுபடி, போதாக்குறைக்குக் கோயில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம். சேலைப் பிரிவில் சனம் நெருக்கித் தள்ளுகிறது. அங்கே நிற்க வேண்டிய பொன்செல்வியைப் பின்னறையிலிருந்து பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். மனுஷனுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

சின்ன முதலாளி அருண்பாண்டியனுக்குத் தலை விண்விண் என்று தெறித்தது. காலையிலிருந்து ஒரு டீதான் குடித்திருந்தான்.

பின்னறையில் தியானத்துக்கென்று அந்த வி.ஆர். கண்ணாடியை வாங்கிப் போட்டதே அவன்தான். பெங்களூரில் கூட்டாளி ஆபீசில் பார்த்தது. கண்ணில் மாட்டினால் கடல் தெரியும், பனிமலை தெரியும். 'மூச்சை மெல்ல இழுங்கள்' என்று காதுக்குள் ஒரு குரல் சொல்லும். டென்ஷனெல்லாம் பறந்துவிடுமாம். கடைப் பெண்களுக்கு ஆளுக்குப் பத்து நிமிடம் என்று முறை வைத்தான். போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போட்டாயிற்று. சங்கரன்கோவிலில் வேறு எந்தக் கடை முதலாளிக்கு இந்த மனசு வரும்?

"ஏம்மா பொன்செல்வி, நல்லது செஞ்சா இப்படித்தான் பண்ணுவியா?"

"மாரித்தாய் அக்காவும் கோமதித்தாய் அக்காவும் அவங்க முறையை எனக்குத் தந்துட்டாவ முதலாளி. நான் திருட்டுத்தனமாப் போகல."

"அப்படி அந்தக் கடல்ல என்னதாம்ட்டி இருக்கு?" என்றார் சங்கரசுப்பு.

"நல்லா... இருக்கும் அண்ணாச்சி. அலை வரும்."

"கேட்டியளா தம்பி! செல்போன் பைத்தியம் மாதிரி இது ஒரு பைத்தியம். இவளை விட்டா நாளைக்கு எல்லாரும் அங்கனயே கெடப்பாளுவ."

பொன்செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. "வேலைய விட்டு மட்டும் நிறுத்திராதீய முதலாளி. மேலநீலிதநல்லூர்ல இருந்து பஸ் ஏறி வாரேன். இந்தச் சம்பளத்துலதான் பிள்ளையளுக்குச் சோறு பொங்குதேன்."

சரி, அப்படி என்னத்தைத்தான் பார்க்கிறாள் என்று அருண்பாண்டியனே பின்னறைக்குப் போனான். மற்ற இருவரும் பின்னாலேயே வந்தார்கள். வாங்கிய அன்றைக்கு மாட்டிப் பார்த்தது, அதற்கப்புறம் அவன் அந்தப் பக்கமே வரவில்லை.

அங்கே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டினான். ஒரே இருட்டு. பட்டனை அமுக்கினான், தட்டினான். கடலையும் காணோம், அலையையும் காணோம். கழற்றிவிட்டுச் சார்ஜர் ஒயரை இழுத்தால், பாதி ஒயரை எலி தின்றிருந்தது.

"இது எத்தனை நாளா இப்படிக் கெடக்கு?"

"ஒரு மாசம் இருக்கும் முதலாளி."

"ஒரு மாசமா! நேத்துக்கூட மாரித்தாய் பனிமலை பாத்தேன், மனசே லேசாயிட்டுன்னு சொன்னாளே!"



"பாத்தியளா தம்பி, அத்தனை பேரும் கூட்டுச் சேந்து ஏமாத்திருக்காளுவ!" சங்கரசுப்பு துள்ளினார்.

அருண்பாண்டியனுக்கு இப்போது நிஜமாகவே வலித்தது. "ரிப்பேர்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சரி பண்ணித் தந்திருப்பேன்லா? எதுக்கும்மா தினமும் வந்து இருட்டைப் பாத்துட்டுப் பொய் சொன்னிய?"

"சொன்னா, சரியாகி வார வரைக்கும் ரூமைப் பூட்டிருவிய முதலாளி."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்குக் காலு ரெண்டும் வீங்கிப் போச்சுன்னுதான் அக்காமாரு அவங்க முறையைத் தந்தாவ. எங்களுக்குக் கடலும் வேண்டாம், மலையும் வேண்டாம். கடை திறந்ததுல இருந்து அடைக்க வரைக்கும் நாங்க உக்காரதுக்கு இந்தக் கடையில இருக்கது, நீங்க இப்ப உக்காந்திருக்க இந்த ஒத்த நாற்காலிதான் முதலாளி."