ஏணிக்கு ஓர் ஆதாரம்

பொந்தின் இடுக்கு வழியே அலகு மறுபடி வெளியே வந்தது. வெறும் காற்றைக் கவ்விவிட்டு உள்ளே போனது.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தேன். உட்காரு என்று கை காட்டினார் வன அதிகாரி.

அவருக்கு எங்கள் முகாமில் 'பொறு பொறு சார்' என்று பெயர். வேட்டியில் தீப்பிடித்தாலும் முதலில் நேரத்தைக் குறித்துக்கொள்கிற ஆள்.

இருவாச்சிப் பெண் பறவை, அடைகாக்க மரப்பொந்துக்குள் புகுந்து, ஓர் இடுக்கு மட்டும் விட்டு வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். சிறகெல்லாம் உதிர்ந்து பறக்க முடியாமல் கிடக்கும். ஆண் கொண்டுவந்து ஊட்டும் அத்திப்பழம்தான் அதற்கும் குஞ்சுக்கும் சோறு.

நேற்று மத்தியானத்திலிருந்து ஆணைக் காணோம்.

ஏணி போட்டு நாங்களே ஊட்டலாம். ஆனால் இது பாதுகாக்கப்பட்ட காடு. ஆண் செத்ததற்கு ஆதாரம் இல்லாமல் கூட்டில் கை வைக்கக் கூடாது. ஆதாரம் கிடைத்தால் கொன்றவனுக்கு ஜெயில்.

சட்டம் எழுதியவனுக்கு அன்றைக்கு வயிறு நிறைந்திருக்கும்.

உள்ளே குஞ்சு கத்தியது. காலையில் கேட்டதைவிடச் சன்னமாக.

"அது வராது சார்."

"ஏம்மா, உங்கிட்ட சொல்லிட்டுப் போச்சா?"

சிரிப்பு வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மேலா, என் மேலா, வேறு யார் மேலா என்று தெரியவில்லை.

பையைத் திறந்தேன். துண்டில் சுற்றியிருந்ததை எடுத்து அவர் மடியில் வைத்தேன்.

பெரிய மஞ்சள் அலகு. நாய்ப்பல் பட்ட தடம் இருந்தது.

அவர் சிரிப்பு நின்றது. "எங்க கிடைச்சுது?"

"எங்க வீட்டுக் கொல்லையில. முதல்ல ஏணியக் கொண்டுவரச் சொல்லுங்க சார்."

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வேலை நிரந்தரமானதும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. காட்டில் எனக்கு என்ன வேலை என்று அவர் கேட்டதில்லை. கேட்டாலும் புரியப்போகிறதா என்று நானும் சொன்னதில்லை.

நேற்று சாயங்காலம் அவரே சமைத்து, அவரே பரிமாறினார்.

கோழியா என்றேன். "தின்னு கண்ணு, உனக்காகத்தான் தேடிப் புடிச்சேன்" என்றார்.

இன்னும் கொஞ்சம் வைக்கச் சொல்லித் தட்டை நீட்டினேன்.