ஒரு சாண் மஞ்சள் கை

“பாய், வலது கை வெளியே வந்துச்சா பாருங்க” என்றார் சென்னப்பன், ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்தபடி.

பின்சீட்டில் இருந்த எலக்ட்ரீஷியன் ஜமீர் அகமது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். “பாதி வந்து நிக்குதுண்ணா.”

“ஒரு தட்டுத் தட்டுங்க.”

ஜமீர் கதவோரத்தில் ஓங்கி ஓர் அடி கொடுத்தார். டக்கென்று ஒரு சாண் நீள மஞ்சள் கை முழுசாக நீண்டது. அதற்குள் குட்டி பல்பும் எரிந்தது.

எழுபது வருடத்துக்கு முந்தைய கார் அது. கண் சிமிட்டும் இண்டிகேட்டரெல்லாம் அதில் ஏது? சுவிட்சைப் போட்டால், திரும்பும் பக்கத்துக் கதவோரத்திலிருந்து கரண்டில் ஒரு கை எழும்பும். பிரேக்கை மிதித்தால் பின்னால் ஒற்றைச் சிவப்பு விளக்கு எரியும். இதையெல்லாம் உயிர்ப்பிக்க ஜமீருக்கு மூன்று மாதம் பிடித்தது. வாங்கினவனும் கிறுக்கன், ரிப்பேர் பார்க்கிறவனும் கிறுக்கன் என்று காவேரிப்பட்டினத்தில் பேசிக்கொண்டார்கள்.

ஊர் பேசினால் பேசிவிட்டுப் போகட்டும். மச்சினன் ராமப்பன் பேசியதுதான் சென்னப்பனுக்குத் தாங்கவில்லை. காலையில் ஓசூர் பழைய கார் கண்காட்சிக்குக் கிளம்பும்போது, சென்னப்பன் கையை நீட்டி மடக்கிப் பரீட்சை பார்ப்பதைக் கண்டு, அக்காள் மாதம்மாள் எதிரிலேயே அவன் பந்தயம் கட்டினான்.

“ஓசூர் மைதானத்துக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள இந்தக் கை ஒரே ஒருத்தருக்காவது பிரயோசனப்பட்டுச்சுன்னா, நான் மீசைய எடுத்துடறேன் மாமா. இல்லேன்னா நீங்க எடுத்துடணும்.”

முப்பது வருடமாக எண்ணெய் போட்டு நீவி வளர்த்த மீசை. வீறாப்பில் சரி என்று சொல்லித் தொலைத்துவிட்டார். இப்போது ஓசூருக்குப் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. இதுவரைக்கும் ஒரு ஈ காக்காய்க்குக்கூட அந்தக் கையால் பிரயோசனமில்லை.

வழி தெரிந்த ராமப்பன்தான் முன்னால் போய்க்கொண்டிருந்தான். ஜமீரின் போனில் அவன் குரல் ஸ்பீக்கரில் வந்தது.

“லெஃப்ட்ல ஒதுங்கப் போறேன் பாய். எங்க மாமாவ கை காட்டச் சொல்லுங்க.” பின்னாலேயே ஒரு சிரிப்பு.

சென்னப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு இடது கையை எழுப்பினார். பக்கத்தில் வந்த பஸ்ஸின் கண்டக்டர் நேருக்கு நேராகப் பார்த்து, அந்தக் கைக்கு ஒரு சலாம் வைத்தார். பைக்கில் போன இரண்டு பேர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டே சிரித்தார்கள்.

“பாத்துச் சிரிச்சா, அது பிரயோசனத்துல சேருமா பாய்?”

“சேராதுண்ணா.”

“கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை” என்றாள் மாதம்மாள், முன்சீட்டில் நிலக்கடலை உரித்தபடி.

“நீ யாரு பக்கம்?”

“எம் தம்பி மீசையும் பாக்க நல்லாத்தானே இருக்குது.”

சென்னப்பன் பேச்சை மாற்றினார். “சூளகிரி மேட்டுலகூட நம்ம வண்டி முக்கல் முனகல் இல்லாம வந்துச்சு, கவனிச்சியா? டோல்கேட்ல ஒருத்தனும் நம்மகிட்ட காசு கேக்கல. பழைய வண்டின்னா அதுக்கு ஒரு மரியாதை இருக்குது.”

“எப்பிடிக் கேப்பான்?” என்றாள் மாதம்மாள். கடலைத் தோலை ஜன்னல் வழியாக ஊதினாள்.

ஓசூர் வந்துவிட்டது. சென்னப்பனின் விரல் தானாகவே மீசையை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டது. நாளைக் காலையில் அந்த இடம் வழித்த தேங்காய்த் தொட்டியாக இருக்கப் போகிறது.

“ரைட்ல திரும்பறேன். அங்கிருந்து பாத்தா மைதானம் தெரியும். பந்தயம் முடிஞ்ச மாதிரிதான்” என்றது போன்.

சென்னப்பன் வலது கையை எழுப்பி, பிரேக்கையும் மிதித்தார். கடைசித் தடவை என்பதால் அழுத்தியே மிதித்தார். வண்டி திரும்பி இருபது அடி போவதற்குள் விசில் சத்தம் கேட்டது. ஒரு போலீஸ்காரர் பைக்கில் குறுக்கே வந்து, ஓரம் கட்டச் சொன்னார்.

“போச்சு பாய். மீசையோட மானமும் போச்சு. முதல்ல அந்தக் கைய மடக்குங்க.”

ஜமீர் ஒன்று போட்டார். இரண்டு போட்டார். கை மடங்கினால்தானே.

போலீஸ்காரர் அண்ணாந்து பார்த்தார். “கை காட்டினது யாருங்க?”

“நான்தாங்க சார்.” சென்னப்பன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். “அந்தக் காலத்து வண்டி. அதுல இதான் சிக்னலு. தெரியாம ஏதாச்சும் தப்பு பண்ணியிருந்தா...”

“பாலத்துலேர்ந்து உங்க பின்னாலயேதான் வர்றேன். திரும்பறதுக்கு முன்னாடி கை வருது, நிக்கறதுக்கு முன்னாடி செவப்பு எரியுது. உங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க.”

சொல்லிவிட்டு அவர் விறுவிறுவென்று முன்னால் நடந்தார். ராமப்பனைக் கீழே இறங்கச் சொன்னார்.

“உன் லாரிக்குப் பின்னால பிரேக் லைட்டும் இல்ல, இண்டிகேட்டரும் இல்ல. மேல ஏத்தி வச்சிருக்கிற காருக்குள்ள உக்காந்து அந்தப் பெரியவர் கை காட்டலேன்னா, இந்நேரம் நான் உன் சக்கரத்துக்கு அடியில கெடந்திருப்பேன்யா.”

ராமப்பன் இரண்டு கையாலும் மீசையைப் பொத்திக்கொண்டான்.