பிணமாகப் படுத்த கழுதை

காட்டு விலங்குகளின் நாடகக் குழுவில் புதிதாகச் சேர்ந்த கழுதைக்கு ராஜா வேஷத்தின் மேல் ஆசை. குழுவை நடத்திய நரியோ, போரில் செத்துப்போன மகனாகப் படுத்துக் கிடக்கும் வேலையைத்தான் கொடுத்தது. கழுதைக்கு அவமானமாக இருந்தது. தாயாக நடித்த வெள்ளாடு ஒப்பாரி வைக்கும்போதெல்லாம் கழுதை வேண்டுமென்றே காதை ஆட்டும். கூட்டம் சிரிக்கும். அந்தச் சிரிப்பில் கழுதைக்கு ஒரு பெருமை.

ஒரு நாள் மாலை வெள்ளாடு வசனத்தை விட்டுவிட்டுக் கழுதையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"தம்பி, காலையில என் பெரிய குட்டியைச் சிறுத்தை தூக்கிட்டுப் போயிடுச்சு," என்று காதுக்குள் சொன்னது. "காட்டுல வாய்விட்டு அழுதா, சத்தத்தை வச்சே சின்னதையும் தேடி வந்துடும். இத்தனை பேர் கூடியிருக்கிற இந்த இடத்துலதான் நான் அழ முடியும். இன்னிக்கு மட்டும் அசையாம இருப்பா."

பிறகு அது கதறியது. கழுதையின் மூக்கில் ஒரு ஈ வந்து உட்கார்ந்து ஊர்ந்தது. கழுதை அசையவில்லை. பிடரி முழுக்கக் கண்ணீரில் நனைந்து குளிர்ந்தது. அப்போதும் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தது.

நாடகம் முடிந்ததும் எல்லோரும் வெள்ளாட்டைச் சூழ்ந்துகொண்டு, இப்படி ஒரு நடிப்பைப் பார்த்ததே இல்லை என்றார்கள். கழுதையை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு வெள்ளாடு மெதுவாக அருகில் வந்தது.

"நாளைக்கும் நீதானே தம்பி படுப்பே?"

"நான்தான்க்கா," என்றது கழுதை.