கிரஹாமைப் பற்றிய குறைகள்

மூன்றாவது வரிசையில் கிரஹாம் உட்கார்ந்திருந்தார்.

அவள் கையில் இருந்த கட்டுரை அவரைப் பற்றியதுதான். முழுக்க முழுக்கக் குறைகள்.

பக்கத்து வீட்டுக்காரர். அவரைக் காரில் ஏற்றி வந்தது அவளுடைய கணவன் தயாபரன். தெரிந்த முகம் ஒன்று கைதட்டினால் மனைவிக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று அந்த மனிதன் நினைத்துவிட்டான். அவள் எழுதியதை வாசித்துப் பார்க்கிற பழக்கம்தான் அவனுக்குக் கிடையாதே.

மெல்பேணில் ஒரு சிறிய நூலகம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நாற்பது பேர். சுவரில் பெரிய எழுத்தில் அன்றைய கட்டுரை வாசிப்பின் தலைப்பு, ‘என் அவுஸ்திரேலியா’.

பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்பிலிருந்து வாசிக்கத் தேர்வானவள் அவள் ஒருத்திதான்.

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடக் காலத்தில் கட்டுரைப் போட்டி என்றால் முதல் பரிசு அவளுக்குத்தான். முன்னுரை, பொருளுரை, முடிவுரை. உபதலைப்புக்குக் கீழே அடிமட்டம் வைத்து ஒரு கோடு. எதைப் பற்றி எழுதினாலும் புகழ வேண்டும். பசு என்றால் பசுவை. தபாற்காரன் என்றால் தபாற்காரனை.

இதையும் முதலில் அப்படித்தான் எழுதினாள். கங்காரு, பவளப்பாறை, பல்லின மக்கள், அன்னையின் மடி. முடிவுரையில் நாடு நீடூழி வாழ்ந்தது.

ஆசிரியை ரொபின் அதை வாசித்துவிட்டு நெளிந்தாள்.

யாரோ மாலையோடு வீட்டு வாசலில் வந்து நின்றதைப் போல நெளிந்தாள். பிறகு பக்குவமாகச் சொன்னாள். இது விமான நிலையத்தில் சும்மா கொடுக்கிற புத்தகத்தில் வரலாம். இந்த நாட்டில் கட்டுரை எழுதி நாட்டை இவ்வளவு புகழ்ந்தால் வாசிப்பவர்கள் கூசிப்போவார்கள். உங்களுக்குப் பிடித்த ஒரு ஆளை எடுத்துக்கொள்ளுங்கள். அவரிடம் என்ன குறை என்று எழுதுங்கள்.

பிடித்த ஆளிடம் எதற்குக் குறை பிடிப்பது?

கோபத்தோடு வீட்டுக்குப் போய் உட்கார்ந்தாள். ஒரே மூச்சில் நான்கு பக்கம்.

எழுதும்போது சுகமாகத்தான் இருந்தது. இப்போது அவரே முன்னால் உட்கார்ந்திருக்கிறார். இந்த ஊரில் வேலிக்கு மேலால் கதைக்க அவளுக்கு இருப்பது இந்த ஒரு மனிதர். ஒரு கட்டுரைக்காக அவரையும் தொலைக்க வேண்டுமா?

பைக்குள் பழைய கட்டுரையும் இருந்தது. கங்காரு கோபித்துக்கொள்ளாது.

ரொபின் அவள் பெயரைச் சொல்லி மைக்கைக் கையில் கொடுத்தாள். அவள் பைக்குள் கை விட்டாள்.

அப்போது கிரஹாம் தலையாட்டத் தொடங்கினார். அவள் இன்னும் வாயே திறக்கவில்லை. எதைச் சொன்னாலும் நல்லது என்று ஆட்டுவதற்குத் தயாராக இருந்த தலை. ஆறு வருடமாக வேலிக்கு மேலால் அவள் பார்த்த தலை.

எரிச்சல் வந்தது. பையை மூடினாள்.

கிரஹாம் என் மகளின் கலியாணத்துக்கு அரைக்காற்சட்டையோடு வந்தார் என்று வாசித்தாள். அதற்கு இஸ்திரி போட்டிருந்தார் என்பதையும் மறைக்கவில்லை.

சிரிப்பு.

நெஞ்சைப் பிளந்து சத்திரசிகிச்சை செய்து வந்தவரிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். மோசமில்லை என்றுவிட்டுப் புல்லு வெட்டப் போனார்.

இன்னும் பெரிய சிரிப்பு. தயாபரன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் கதிரைக்குள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தான்.

என் வடை அருமை என்பார். கரிந்துபோன வடையும் அருமை. மழையில் அழுகிய என் தக்காளிப் பாத்தியும் அருமை. இந்த மனிதரின் வாயிலிருந்து ஒரு உண்மையைப் பிடுங்க முடியாது.

கடைசிப் பக்கம் வந்தது. அங்கே அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

ஆறு வருடத்தில் எங்களைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை. ஒரு வேலியின் இரண்டு பக்கமும் இருக்கிறவர்களுக்குள் குறை இல்லாமல் இருக்குமா? எதிர்வீட்டுக்காரர் டெரியைக் கண்ட இடத்தில் வாய்க்கு வந்தபடி திட்டுகிறார். எங்களைப் பார்த்ததும் சட்டென்று நல்லவராகிவிடுகிறார். நாங்கள் எப்போதுதான் விருந்தாளிகளாக இல்லாமல் வெறும் பக்கத்து வீட்டுக்காரர் ஆவோம்?

யாரும் சிரிக்கவில்லை.

கிரஹாமின் கழுத்து சிவந்திருந்தது. எழுந்து நின்றார். முன்வரிசைக் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் எழும்ப முடிந்தது. போச்சு என்று அவள் நினைத்தாள்.

அவர் தொண்டையைச் செருமினார்.

“உங்கள் வீட்டு முருங்கை மரம் ஒரு பெரிய அநியாயம்” என்றார்.

அதன் இலை கொட்டித் தன் கூரையில் மழைத்தண்ணீர் ஓடுகிற பீலி அடைத்துப்போகிறதாம். வருடத்துக்கு மூன்று தரம் ஏணி வைத்து ஏறுகிறாராம், அதுவும் இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு. சனிக்கிழமை காலை ஐந்தரைக்குக் கிரைண்டர் போடுகிற வீடு மெல்பேணிலேயே ஒன்றுதானாம். தயாபரன் முற்றத்தில் நின்று கனடாவுக்குக் கதைப்பதற்கு எதற்குத் தொலைபேசி, சும்மா கதைத்தாலே அங்கே கேட்குமே?

ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் முகம் இளகியது. மூச்சு வாங்கினார். மறுபடி தொடங்கினார்.

பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று யாரோ சத்தம் போட்டார்கள்.

அவள் மேடையை விட்டு இறங்கினாள். தயாபரன் அவளுடைய சேலையைப் பிடித்து இழுத்தான்.

“என்னப்பா, ஆள் கோவிச்சிட்டாரோ?”

“சும்மா இருங்கோப்பா. அவர் இன்னும் முடிக்கேல்லை.”

மூன்றாவது வரிசைக்குப் போய் மைக்கைக் கிரஹாமின் கையில் கொடுத்தாள்.